ஆய்வில் பங்கேற்றவர்கள்

எங்க வீட்டு மனுஷனைத் தெருவுல எல்லாரும் "விஞ்ஞானி சார்"னு கூப்பிடுவாங்க. கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாரு. "அட, நான் விஞ்ஞானி எல்லாம் இல்லைங்க"ன்னு ஒரு நாளாவது மறுத்திருப்பாரா? மாட்டாரு. வீட்டுல ஃபியூஸ் போனா எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போடுற விஞ்ஞானி. குக்கர் விசில் வரலைன்னா வாசப்படிக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டு "நீயே போய்ப் பாரு"ன்னு எனக்கு உத்தரவு போடுற விஞ்ஞானி.

இவருக்கு வேலை பத்திரிகையில. சேரும்போது மெய்ப்புத் திருத்துறவரு, அதாவது அடுத்தவங்க எழுத்துல பிழை பார்த்துக் கோடு போடுறவரு. அப்புறம் குறுக்கெழுத்துப் புதிர் போட்டாரு. அறிவியல் பக்கம் எழுதிக்கிட்டிருந்தவரு திடீர்னு வேலையை விட்டுட்டுப் போனதும், "நீங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரிதானே, இனிமே இதை நீங்க பாருங்க"ன்னு ஆசிரியர் இவரு தலையில கட்டிட்டாரு. கெமிஸ்ட்ரி படிச்சது உண்மைதான். பாஸ் பண்ணாரான்னு ஆசிரியரும் கேக்கல, இவரும் வாயைத் திறக்கல. அன்னையில இருந்து ஞாயித்துக்கிழமை தவறாம "நாளைய உலகம்"னு ஒரு முழுப் பக்கம். மேல் மூலையில இவரு ஃபோட்டோ. கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, எங்கேயோ தூரத்துல வானத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அந்த ஃபோட்டோ எடுத்தப்போ எதிர்ல இருந்தது எங்க வீட்டு பீரோ. அதுக்கு மேல நான் அடுக்கி வச்ச போர்வை.

நான் டிரை கிளீனிங் கடையில கவுன்ட்டர்ல உக்காருறவ. துணியைக் கொண்டாந்து போடுவாங்க, கறையைக் காட்டுவாங்க, "போயிடும்ல?"னு கேப்பாங்க. போகும்னா போகும்பேன், போகாதுன்னா போகாதும்பேன். மூஞ்சி சுருங்கும். சில பேரு முணுமுணுத்துக்கிட்டே துணியைச் சுருட்டி எடுத்துக்கிட்டு வேற கடைக்குப் போவாங்க. போகட்டுமே, எனக்கென்ன? போகாததைப் போகும்னு சொல்லி வாங்கி வச்சா அடுத்த வாரம் என் கழுத்தைத்தானே பிடிப்பாங்க. இப்படி ஒரு புத்தி உள்ளவளுக்கு அப்படி ஒரு புத்தி உள்ள புருஷன். வாய்ச்சது அவ்ளோதான்.

சும்மா சொல்லக் கூடாது, அவருக்கு வாய் உண்டு. கல்யாணமான புதுசுல ஒரு மழை நாள்ல பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டிருந்தோம். ரோட்டுல தேங்கின தண்ணியில பெட்ரோல் சிந்தி, பச்சையும் ஊதாவுமா மினுமினுன்னு கிடந்துச்சு. இவரு குனிஞ்சு பார்த்துட்டு, அந்தப் படலம் எவ்ளோ மெலிசு, வெளிச்சம் மேலேயும் பட்டுத் திரும்புது, அடியிலயும் பட்டுத் திரும்புது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டு நிறமா வருதுன்னு சொன்னாரு. நான் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டேன். ரெண்டு பஸ்ஸை விட்டோம். அன்னைக்கு அவரு கண்ணால பார்த்ததைத்தான் சொன்னாரு, ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. ஆசையாத்தான் இருந்துச்சு. அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அவரு பக்கம் எழுதுற லட்சணத்தைச் சொல்றேன், கேளுங்க. வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில உக்காருவாரு. நான் டீ கொண்டு போய் வைக்கணும். வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துல இருந்து வர்ற இங்கிலீஷ் குறிப்புங்க நாலஞ்சை ஆபீஸ்ல இருந்து எடுத்துட்டு வருவாரு. அதுல ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டு பேனாவைத் திறந்தாருன்னா, முதல் வேலை எலியை விரட்டுறது.

உண்மையாத்தான் சொல்றேன். மருந்து, மாத்திரைன்னு வர்ற புதுக் கண்டுபிடிப்புல முக்கால்வாசி முதல்ல எலி மேலதான் பரிசோதிக்கிறாங்களாம். பக்கம் கைக்கு வந்த புதுசுல இவரும் எலின்னுதான் எழுதினாரு, ஒரு வெள்ளை எலி படமும் போட்டாரு. அந்த ஞாயித்துக்கிழமை யாரோ ஒரு அம்மா ஆசிரியருக்கு ஃபோன் போட்டு, "காலையில சாப்பிட உக்காந்து பேப்பரைப் பிரிச்சா மூஞ்சிக்கு நேரா எலியா?"ன்னு காச்சு காச்சுன்னு காச்சியிருக்காங்க. ஆசிரியர் இவரைக் கூப்பிட்டு, "இனிமே நம்ம பக்கத்துல எலியே வரக் கூடாது"ன்னுட்டாரு. வேற யாரா இருந்தாலும் படத்தை எடுத்திருப்பாங்க. நம்ம மேதை என்ன பண்ணாரு தெரியுமா? படத்தையும் எடுத்தாரு, எழுத்துல இருந்த எலியையும் எடுத்தாரு. எலின்னு வர்ற இடத்துல எல்லாம் "ஆய்வில் பங்கேற்றவர்கள்"னு போட்டாரு. போட்டுட்டு, எவ்ளோ கௌரவமா இருக்கு பாருன்னு என்கிட்டயே படிச்சுக் காட்டினாரு.

அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல நடந்த கூத்தைக் கேக்கணுமே. "ஆய்வில் பங்கேற்றவர்கள் அனைவரும் உறங்கி எழுந்ததும் சக்கரத்தில் உற்சாகமாக ஓடினர்." "ஆய்வில் பங்கேற்றவர்கள் புதிர்ப் பாதையிலிருந்து முன்பைவிட விரைவாக வெளியேறினர்." ஒரு தடவை அவசரத்துல எழுதி, "பங்கேற்றவர்களின் வால் நுனியிலிருந்து தினமும் ரத்தம் எடுத்துச் சோதிக்கப்பட்டது"ன்னு அச்சாகியே வந்துடுச்சு. நான் படிச்சுட்டு, "யாருக்குங்க வால்?"னு கேட்டேன். அவரு பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு, "ஐயோ, விட்டுப் போச்சே!"ன்னு தலையில கையை வச்சாரு. ஆனா ஒரு வாசகர்கூட கேக்கலைங்க. அத்தனை பேரு படிக்கிற பேப்பர்ல ஒரு ஆளு வாலைப் பத்திக் கேக்கல. ஒருத்தர் மட்டும், அந்த மருந்து எந்தக் கடையில கிடைக்கும்னு கேட்டு எழுதியிருந்தாரு.

ரெண்டாவது வேலை, "கூடும்", "இருக்கலாம்" எல்லாத்தையும் அடிக்கிறது. குணமாகக் கூடும்னு வந்தா குணமாகும். உதவலாம்னு வந்தா உதவுகிறது. "ஜனங்களுக்கு ஒரு உறுதி வேணும்டி. கூடும் கூடும்னு இழுத்தா எவன் படிப்பான்?"பாரு. மூணாவது வேலை கடைசிப் பாரா. எந்தக் கண்டுபிடிப்பா இருந்தாலும், நிலாவுல தண்ணியா இருந்தாலும் சரி, வழுக்கைத் தலையில முடியா இருந்தாலும் சரி, "அந்த நாள் வெகு தொலைவில் இல்லை"ன்னுதான் முடியும். எழுதி முடிச்சதும் இங்கிலீஷ் குறிப்பைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு, ஒரு நெட்டி முறிப்பாரு பாருங்க. மருந்தைக் கண்டுபிடிச்சவன்கூட அப்படி முறிச்சிருக்க மாட்டான்.

இதெல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்னுதான் இருந்தேன். பேப்பர் படிக்கிறவங்க அவங்க பாடு, இவரு பாடு. ஆனா இவரு பக்கத்தை வரி விடாம நம்புற ஒரு ஆளு எங்க குடும்பத்துலயே இருந்தா. என் தங்கச்சி.

அவ டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக் கொடுக்கிறவ. கத்துக்கிறவங்க பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு, கால்கிட்ட அவளுக்குன்னு தனியா ஒரு பிரேக் வச்சிருப்பாங்களே, அதுல காலை வச்சுக்கிட்டே நாள் பூரா ஊரைச் சுத்துவா. அவகிட்ட கத்துக்கிட்ட பொண்ணுங்க அவளுக்கு "பிரேக் டீச்சர்"னு பேரு வச்சிருந்தாங்க. "அடியே மகராசி, கிளட்ச்சை மிதி! கோலம் போடுற மாதிரி வண்டியை ஓட்டாதே!"ன்னு அவ போடுற சத்தம் கண்ணாடியை ஏத்தி விட்டாலும் வெளியில கேக்கும். திட்டு வாங்கினவங்களே லைசென்ஸ் வாங்கினதும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. கல்யாணம் வேணாம்னுட்டா. தனியா ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தா. வண்டிதான் அவளுக்கு எல்லாம். சிக்னல்ல நிக்கும்போது எங்க வீட்டுக்காரரு எழுதினதைக் கத்துக்கிற பொண்ணுங்களுக்கு ஒப்பிப்பாளாம். "எங்க அத்தான் எழுதினது"ன்னு பெருமை வேற.

அவளுக்குக் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுற வியாதி. வலி இருக்காது, ஒண்ணும் தெரியாது. ஓரத்துல இருந்து பார்வை மெதுவாத் தின்னுக்கிட்டே வரும். ரொம்ப நாளா சொட்டு மருந்து போட்டா, அழுத்தம் இறங்கல. "ஆபரேஷன் பண்ணிடலாம். போன பார்வை திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். தள்ளிப் போடாதீங்க"ன்னு கண் டாக்டர் தேதியும் கொடுத்துட்டாரு. டிரைவிங் ஸ்கூல்ல இதைப் பத்தி இவ மூச்சு விடல. கண்ணுல கத்தி வைக்கணும்னதும் பயந்து நடுங்கினா. நான்தான், "நான் கூட இருக்கேன்டி, லீவு போட்டுட்டு வர்றேன்"னு தேத்தி வச்சிருந்தேன்.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்துச்சு. "செத்த நரம்பு மீண்டும் துளிர்க்கிறது! கண்ணொளி தரும் அதிசயச் சொட்டு." ஆய்வில் பங்கேற்றவர்கள் அனைவரும் இழந்த பார்வையைத் திரும்பப் பெற்று, வெளிச்சம் வந்த திசையில் ஓடி வந்தனராம். கத்தியின்றி, ரத்தமின்றிப் பார்வை பெறும் அந்த நாள் வெகு தொலைவில் இல்லையாம்.

நான் அன்னைக்கு ஊறப் போட்ட துணியோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தேன், பேப்பரைத் தொடவே இல்லை. சாயங்காலம் தங்கச்சி வந்து நிக்கிறா, மூஞ்சியெல்லாம் வெளிச்சம். "அக்கா, ஆபரேஷனைக் கேன்சல் பண்ணிட்டேன்"ங்கறா.

"ஏன்டி?"

"அத்தான் எழுதியிருக்காரே, பார்க்கலையா? போன பார்வையே திரும்ப வருதாம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா சொட்டு மருந்துலயே முடிஞ்சுடும். எதுக்குக்கா கண்ணை வெட்டிக்கணும்?"

பேப்பரைப் பிடுங்கிப் படிச்சேன். வெளிச்சம் வந்த திசையில ஓடி வந்தாங்கங்கற இடத்துலயே எனக்குப் புரிஞ்சு போச்சு. "அடிப் பைத்தியமே, இது எலிடி! எலிக்குத்தான் நரம்பு துளிர்த்துச்சு. உங்க அத்தான் எலியை எல்லாம் மனுஷனாக்கி விடுவாரு, உனக்குத் தெரியாதா?"ன்னு கத்தினேன்.

அவ சிரிச்சா. "நீ அத்தானை எதுலதான் மட்டம் தட்டாம விட்டிருக்கே? அவரு நல்லது சொன்னாலும் குத்தம், கெட்டது சொன்னாலும் குத்தம்"னா. "சரி, என்னை நம்பாதே. டாக்டரைப் போய்க் கேளு"ன்னேன். "டாக்டருக்குக் கத்தி எடுத்தாத்தான் பொழைப்பு. அவரு வேற என்ன சொல்வாரு?"ன்னுட்டா. இங்கிலீஷ் குறிப்பை எடுத்துக் காட்டலாம்னு குப்பைக் கூடையைக் கவுத்தேன். அது எப்பவோ குப்பை வண்டியில போயிருந்துச்சு.

அப்ப இதைச் சரி பண்ண ஒரே ஆளுதான். எலியை மறைச்ச அதே ஆளு.

தங்கச்சி கிளம்பிப் போனப்புறம் மகராசன் குளிச்சு முடிச்சு, தலையை வழிச்சு வாரிக்கிட்டு வந்தாரு. விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் மூஞ்சி வெளுத்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த நிமிஷமே மழுப்ப ஆரம்பிச்சுட்டாரு. "நான் ஆபரேஷனை நிறுத்துன்னு எங்கேயாவது எழுதியிருக்கேனா?"

"எலின்னும் எழுதலையே!"

"அது ஆசிரியர் உத்தரவு."

"சரி, உங்க கொழுந்தியாகிட்ட சொல்றதுக்கு எந்த ஆசிரியர்கிட்ட உத்தரவு வாங்கணும்? போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. இல்லை, அடுத்த வாரப் பக்கத்துல ஒரு வரி போடுங்க, அது எலின்னு."

"திருத்தம் போட்டா பக்கத்து மேல இருக்கிற நம்பிக்கையே போயிடும்டி. நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன். நம்பிக்கையைப் பட்டுன்னு உடைக்கக் கூடாது பாரு"ன்னாரு. பக்குவமாம். அவளுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு, இவரு பக்குவம் பார்த்துக்கிட்டிருந்தாரு. அந்த வாரம் இவருக்குச் சளி பிடிச்சிருந்துச்சு. அடுத்த வாரம் விண்வெளிச் சிறப்பிதழ். அதுக்கடுத்த வாரம் அவளே வீட்டுக்கு வந்தா. இவரு கிரகணத்தைப் பத்தி அழகா விளக்கி, அவளை வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வந்தாரு. "சொன்னீங்களா?"ன்னு நான் கேட்டா, "சாப்பிட்டுக்கிட்டிருந்தாளே"ங்கறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். நான்தானே கழுவணும்னு விட்டுட்டேன்.

கடைசியில நூலகத்து மாடி அரங்குல இவருக்கு ஒரு கூட்டம் வந்துச்சு. "நாளைய மருத்துவம்"னு பேசணும். தங்கச்சியும் வர்றேன்னா. நான் பிடிச்ச பிடியில, "கூட்டம் முடிஞ்சதும் அவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடறேன். என் தலை மேல சத்தியம்"னாரு. தலைக்கு என்ன, மை போட்ட தலைதானேன்னு நினைச்சேன். இருந்தாலும் நம்பினேன்.

அன்னைக்கு அரங்கு நிறைஞ்சிருந்துச்சு. இவரு நீலச் சட்டை போட்டுக்கிட்டு மேடையில ஏறினாரு. விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லிட்டு, ஒரு டார்ச்சைத் தன் உள்ளங்கைக்குப் பின்னாடி வச்சு அடிச்சாரு. கை செக்கச்செவேல்னு தெரிஞ்சுச்சு. "உங்களுக்குள்ள வெளிச்சம் போகும். இத்தனை நாளா நீங்கதான் பார்க்கல"ன்னு ஆரம்பிச்சாரு. சின்னப் பசங்க எல்லாம் ஃபோன் லைட்டைக் கையில வச்சுப் பார்த்துக்கிட்டு "ஓ"ன்னு கத்துச்சுங்க. பெரியவங்களும் வெக்கப்பட்டுக்கிட்டே பார்த்தாங்க. எனக்கு வயித்தெரிச்சலே அங்கதான். ஒண்ணும் தெரியாத ஆளா இருந்தா தொலையுதுன்னு விட்டுடலாம். இந்த மனுஷனுக்குச் சொல்லத் தெரியும். ஜனங்களை அண்ணாந்து பார்க்க வைக்கத் தெரியும். அதை வச்சுக்கிட்டு இவரு காது குத்தத்தான் கிளம்பினாரு.

பேச்சு முடிஞ்சதும் கேள்வி கேக்கலாம்னாங்க. முதல் ஆளா எங்க தங்கச்சி எந்திரிச்சுட்டா. மைக்கை வாங்கி, "அத்தான்... மன்னிக்கணும், சார், அந்தக் கண்ணு சொட்டு மருந்து எப்ப சார் வரும்?"னு கேட்டா. அரங்கே சிரிச்சுது. நான் இவரு மூஞ்சியையே பார்த்தேன். என்னைப் பார்த்தாரு. அவளைப் பார்த்தாரு. அப்புறம் கூட்டத்தைப் பார்த்தாரு. அத்தனை பேரும் இவரு வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. அதைப் பார்த்ததும் முதுகு தானா நிமிர்ந்துச்சு. "அந்த நாள்..."னு இழுத்தாரு. ஜனங்களுக்கு அது மனப்பாடம். எல்லாருமாச் சேர்ந்து, "வெகு தொலைவில் இல்லை!"ன்னு கத்தினாங்க. கைதட்டல் காதைப் பிளந்துச்சு.

நான் எந்திரிச்சேன். மைக்கெல்லாம் எனக்கு வேணாம், கடையில கூப்பாடு போட்டுப் பழகின தொண்டை. "அது எலிக்குப் போட்ட மருந்துங்க! அந்த ஆய்வுல பங்கேத்தவங்களுக்கெல்லாம் வாலு இருந்துச்சு, கேளுங்க அவரை!"ன்னேன்.

அப்பவாவது "ஆமாம்"னு சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு ஆமாம். இவரு மைக்கை வாய்கிட்ட கொண்டு போய், "எங்க வீட்டு எதிர்க்கட்சித் தலைவி. அறிவியலுக்கு எதிர்ப்பு முதல்ல வீட்டுல இருந்துதான் கிளம்பும்"னாரு. அரங்கம் குலுங்கிச் சிரிச்சுது. நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு நடத்துற நாடகம்னே நினைச்சுட்டாங்க. பக்கத்துல இருந்த ஒரு பெரியவரு, "நல்லா நடிக்கிறீங்கம்மா"ன்னு என்னைப் பாராட்டினாரு. தங்கச்சியும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தா. வெளியில வந்ததும் அவ சிரிப்பு நின்னுச்சு. "அவ்ளோ பேரு முன்னாடி கட்டின புருஷனை அசிங்கப்படுத்தப் பார்த்தியேக்கா. உனக்கு ஏன் இவ்ளோ காழ்ப்பு?"ன்னு கேட்டுட்டு ஆட்டோ பிடிச்சுப் போயிட்டா.

வீட்டுக்கு வந்து, "எங்க உங்க சத்தியம்?"னு கேட்டேன். "சபையில கேட்டா சபைக்குத்தானே பதில் சொல்ல முடியும்? தனியாக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்"ங்கறாரு. சட்டையைக் கழட்டி, மடிப்புக் கலையாம ஹேங்கர்ல மாட்டினாரு. நான் அதுக்கப்புறம் அவருகிட்ட சோறு போடட்டுமா, வேணாமாங்கறதைத் தவிர வேற பேச்சு வச்சுக்கல. தங்கச்சியும் வீட்டுப் பக்கம் வர்றதை நிறுத்திட்டா. ஃபோன் பண்ணா, "வண்டியில இருக்கேன்"னு வச்சுடுவா. ஸ்கூல் வாசல்ல போய் நின்னும் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை ஏத்திக்கிட்டா.

இப்படியே மழைக்காலம் வந்து போச்சு. ஒரு நாள் காலையில அவ ஒரு புதுப் பொண்ணுக்குக் கத்துக் கொடுத்துக்கிட்டிருந்திருக்கா. பேக்கரி முக்குல இடது பக்கம் திரும்பணும். இவ திரும்பிப் பார்த்துட்டு, "இடது பக்கம் காலி, திருப்பு"ன்னு சொல்லியிருக்கா. காலியா இல்லை. பேக்கரிக்காரரு ஒருத்தர் ரொட்டிப் பெட்டியைப் பின்னாடி கட்டிக்கிட்டு சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தாரு, நல்லா வெயில்ல, மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு. ரோட்டுல நின்ன அத்தனை பேரு கண்ணுக்கும் அவரு தெரிஞ்சாரு. இவளுக்குத் தெரியல. வண்டியைத் திருப்பின பொண்ணு கத்தினப்புறம்தான் இவ பிரேக்கை மிதிச்சிருக்கா. பேக்கரிக்காரருக்குத் தோள் எலும்பு உடைஞ்சுது. உயிருக்கு ஒண்ணுமில்லை, அந்த மட்டுக்கும் தப்பிச்சோம். ரொட்டி ரோடெல்லாம் சிதறிக் கிடந்துச்சாம். இவ அதை ஒவ்வொண்ணாப் பொறுக்கிக்கிட்டே, "எனக்குத் தெரியலைங்க, சத்தியமா எனக்குத் தெரியலைங்க"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாளாம்.

போலீஸ்ல கண்ணைச் சோதிச்சுட்டு வரச் சொன்னாங்க. அதே டாக்டர். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அவரு திட்டக்கூட இல்லை. இடது கண்ணு முடிஞ்சு போச்சுன்னாரு. வலது கண்ணுல நடுவுல மட்டும் கொஞ்சம் மிச்சம், அதையாவது நிறுத்தி வைக்கணும்னா உடனே ஆபரேஷன்னாரு. டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனுஷன், வேலையை விட்டுத் தூக்கல. ஆனா வண்டியில இனிமே ஏறக் கூடாது, ஆபீஸ்ல ஃபோன் எடுன்னுட்டாரு. அவ எனக்கு ஃபோன் பண்ணி, "அக்கா, நீ வர்றியா?"ன்னு மட்டும் கேட்டா. நான் கடையை அப்படியே போட்டது போட்டபடி ஓடினேன்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் மத்தியானம் இவரு வந்து சேர்ந்தாரு, கையில ஆரஞ்சுப் பை. தலை கச்சிதமா வாரியிருந்துச்சு. வராந்தாவுலயே என்னை நிறுத்தி, "டாக்டர்கிட்ட விசாரிச்சியா? வெளிநாட்டுல செயற்கைக் கண்ணு ஒண்ணு..."ன்னு ஆரம்பிச்சாரு.

"உள்ள போய் அந்தப் பேச்சை எடுத்தீங்க, இந்தப் பையாலேயே மண்டையைப் பொளந்துடுவேன்"னேன். வாயை மூடிக்கிட்டாரு.

தங்கச்சி தலையணையில சாஞ்சு உக்காந்திருந்தா. வலது கண்ணுல கட்டு. இடது கண்ணு திறந்துதான் இருந்துச்சு, பார்க்க நல்லாவே இருந்துச்சு, ஆனா அது கதவுப் பக்கம் திரும்பல. செருப்புச் சத்தத்தை வச்சு, "அத்தானா?"ன்னு கேட்டா.

"ஆமாம்மா."

"கட்டு அவுத்ததும் வலது கண்ணு தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆளு முகம் தெரியுமாம், எழுத்து தெரியுமாம். போதும்." கொஞ்ச நேரம் போர்வை நுனியைச் சுருட்டிக்கிட்டிருந்தா. "இடது கண்ணைப் பத்தி அவருகிட்ட நான் மறுபடி கேக்கல அத்தான். உங்ககிட்ட கேக்கலாம்னு வச்சிருந்தேன். இது திரும்ப வருமா?"

இவரு என்னைப் பார்த்தாரு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவரா சொல்லட்டும், இல்லை இங்கேயும் கதை விடட்டும், இந்தத் தடவை எடுத்துக் கொடுக்க என்கிட்ட ஒரு சொல்லும் இல்லை. பக்கத்துக் கட்டில்ல யாரோ ஆரஞ்சு வாசனைக்கு மூக்கை உறிஞ்சினாங்க. இவரு தொண்டையைச் செருமினாரு. மேடையில செருமுற மாதிரி இல்லை.

"வராதும்மா"ன்னாரு.

தங்கச்சி தலையை ஆட்டிக்கிட்டா. அழுவான்னு நினைச்சேன், அழல. இவரு குரல் வந்த பக்கமா முகத்தைத் திருப்பினா.

"இதைச் சொல்றதுக்கு இவ்ளோ நேரம்தான் ஆகுமா அத்தான்?"னு கேட்டா.

இவரு ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்கு அடியில வச்சாரு, மறுபடி எடுத்தாரு, ஸ்டூல் மேல வச்சாரு, அப்புறம் உக்கார இடமில்லாம நின்னுக்கிட்டே இருந்தாரு. கடைசியில அவதான் காலை மடக்கிக் கட்டில் ஓரத்துல இடம் விட்டு, "உக்காருங்க அத்தான்"னா.